கட்டைக்கோரையில் எண்ணெய் எடுக்கலாமா?

மீன் எண்ணெய்க்கு மாற்று பழுப்புக் கடற்பாசிதான் என்ற பேச்சு சில வருடங்களாக வலுத்துவருகிறது. ஆய்வரங்குகளில் தொடங்கி, சத்துணவுப் பத்திகளுக்கு வந்து, இப்போது மாத்திரைக் குப்பிகளின் மேலுறையிலும் ஏறிவிட்டது. வாதம் கேட்பதற்கு ஒழுங்காகத்தான் இருக்கிறது. கடலில் மீன் குறைகிறது; இதயத்துக்கும் மூளைக்கும் வேண்டிய ஒமேகா-3 கொழுப்புக்கு இனியும் மீனையே நம்பியிருக்க முடியாது; பழுப்புப் பாசியில் அந்தக் கொழுப்பு இருக்கிறது; பாசிக்கு நிலம் வேண்டாம், நன்னீர் வேண்டாம். ஆகவே கடலுக்கு ஊறு செய்யாமல் எடுக்கக்கூடிய நல்ல கொழுப்பு கரையோரத்திலேயே கிடக்கிறது என்கிறார்கள்.

இந்த வாதத்தின் ஒவ்வொரு வரியும் தனித்தனியே பார்த்தால் பெரும்பாலும் சரி. முடிவுதான் தவறு. பழுப்புப் பாசியில் நல்ல கொழுப்பு இருப்பதை நான் மறுக்கவில்லை. அதைக்கொண்டு மக்களின் கொழுப்புத் தேவையை ஈடுகட்டலாம் என்பதை மறுக்கிறேன். அப்படிச் செய்வது கடலுக்கு நல்லது என்பதை இன்னும் அழுத்தமாக மறுக்கிறேன்.

எதிர்த்தரப்பின் பலத்தை முதலில் சொல்லிவிடுவது நியாயம். ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் கசுவோ மியாஷிதாவும் அவருடைய குழுவினரும் பழுப்புப் பாசியின் கொழுப்பைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர்கள். வகாமே முதலிய பாசிகளில் இ.பி.ஏ. என்ற நீண்ட சங்கிலி ஒமேகா-3 அமிலம் இருக்கிறது; ஸ்டீரிடோனிக் அமிலமும் இருக்கிறது. நாம் சமையலுக்கு வாங்கும் எண்ணெய்களில் இவை இரண்டும் கிடையாது. ஆளிவிதையில் உள்ள ஆல்ஃபா லினோலெனிக் அமிலத்தை நம் உடல் மிகக் குறைவாகவே இ.பி.ஏ.வாக மாற்றுகிறது. ஸ்டீரிடோனிக் அமிலமோ அந்த மாற்றத்தின் முதல் படியை ஏற்கெனவே தாண்டி நிற்பதால், உடலுக்குள் போனதும் அதைவிட எளிதாக இ.பி.ஏ. ஆகிறது. கூடவே ஃபூகோசாந்தின் என்ற நிறமி. பச்சையத்தின் பச்சையை மறைத்துப் பாசிக்குப் பழுப்பு நிறம் கொடுப்பது இதுதான். மீன் எண்ணெயில் காற்றுப் பட்டால் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். பாசியின் கொழுப்பு அவ்வளவு எளிதில் கெடுவதில்லை என்றும் அந்தக் குழுவினர் காட்டினார்கள். இவையெல்லாம் முறையான வேதியியல். இவற்றோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

சண்டை, அந்த வேதியியலைச் சந்தைக்குக் கொண்டுவருகிறவர்கள் செய்யும் கணக்கோடு. பாசிக் கொழுப்பைப் புகழும் கட்டுரைகளில் திரும்பத் திரும்ப வரும் சொற்றொடர் ‘மொத்தக் கொழுப்பு அமிலங்களில் இத்தனை சதவீதம்’ என்பது. இ.பி.ஏ. 10 சதவீதம் என்று படித்ததும் வாசகர் மனதில் பாசியின் பத்தில் ஒரு பங்கு இ.பி.ஏ. என்று பதிந்துவிடுகிறது. அந்தப் பத்து சதவீதம் எதில் பத்து என்று கேட்டால்தான் விஷயம் புரியும். அது கொழுப்பு அமிலங்களில் பத்து. கொழுப்பு அமிலம் மொத்தக் கொழுப்பில் ஒரு பகுதி. மொத்தக் கொழுப்பு, உலர்ந்த பாசியில் பெரும்பாலும் 1 முதல் 5 சதவீதம்வரைதான். உலர்ந்த பாசியோ, கடலிலிருந்து எடுத்த ஈரப்பாசியில் எட்டில், பத்தில் ஒரு பங்கு, மிச்சமெல்லாம் தண்ணீர்.

கணக்கை முழுசாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ ஈரப்பாசியை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்தால் 120 கிராம் தேறும் என்று வைப்போம். அதில் கொழுப்பு இரண்டரை சதவீதம் என்றால் 3 கிராம். அந்த மூன்று கிராமில் நிறமியும் ஸ்டிராலும் உண்டு. கொழுப்பு அமிலங்களோடு பிணைந்த சர்க்கரைக் கூறுகளும் உண்டு. பாதிதான் கொழுப்பு அமிலம். ஆக ஒன்றரை கிராம். அதில் 10 சதவீதம் இ.பி.ஏ. என்றால் 150 மில்லிகிராம். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ. என்ற இன்னொரு ஒமேகா-3 அமிலமும் சேர்ந்து 250 மில்லிகிராம் போதும் என்பது ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. ஒரு கிலோ பாசியைக் கடைசிச் சொட்டுவரை பிழிந்தாலும் ஒரு ஆளின் ஒரு நாள் தேவைகூட நிறையவில்லை. அந்தத் தேவையை 25 கிராம் மத்தி மீன் நிறைவேற்றிவிடும். 100 கிராம் மத்தியில் இந்த இரண்டு அமிலங்களும் சேர்ந்து சுமார் ஒரு கிராம் இருக்கும். வேப்பம்பூவில் தேன் உண்டு. அதற்காகப் பூவைச் செக்கில் போட்டு ஆட்ட யாரும் கிளம்புவதில்லை.

சிறு அளவில்தான் இப்படி, பெரிய அளவில் வளர்த்தால் கட்டுப்படியாகும் என்று பதில் வரும். பெரிய அளவையும் பார்த்துவிடலாம். உலகில் மிக அதிகமாக வளர்க்கப்படும் பழுப்புப் பாசி, ஜப்பானியர் கொம்பு என்று அழைக்கும் கெல்ப் வகை. ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி டன் ஈரப்பாசி, பெரும்பங்கு சீனாவில். இதில் ஒரு இழையைக்கூட உணவுக்கு விடாமல் அத்தனையையும் எண்ணெய்க்காகவே பிழிவதாக வைப்போம். உலர்த்தினால் 12 லட்சம் டன். கொழுப்பு 2 சதவீதம் என்றால் 24,000 டன். அதிலிருந்து கிடைக்கும் இ.பி.ஏ. ஆயிரத்துச் சொச்சம் டன். உலகின் மீன் எண்ணெய் உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ 10 லட்சம் டன். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒமேகா-3 என்று வைத்தாலும் 2 லட்சம் டன். மனித குலம் இதுவரை கட்டியெழுப்பிய மிகப் பெரிய பழுப்புப் பாசி வேளாண்மை முழுவதையும் காவு கொடுத்தால், மீன் எண்ணெயின் இடத்தில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நிரப்ப முடியாது. இதை மாற்று என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கொழுப்பு அதிகமுள்ள இனங்களும் உண்டே என்பது அடுத்த பதில். உண்மைதான். அக்கமொக்கு என்ற ஜப்பானிய சர்காசம் இனத்தில் குளிர்காலத்தில் கொழுப்பு பத்து சதவீதத்தையும் தாண்டுவதுண்டு. ஆனால் இந்தச் சலுகைக்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று பருவம்: அந்த உச்சம் ஆண்டு முழுவதும் நிற்பதில்லை, தண்ணீர் சூடேறியதும் இறங்கிவிடுகிறது. மற்றது இடம்: குளிர்ந்த நீரில் மென்சவ்வு இறுகிவிடாமலிருக்கப் பாசி நிறைவுறாக் கொழுப்பைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்கிறது. வெப்பக் கடலில் அந்தத் தேவை குறைவு. அதனால் வெப்பக் கடல் பாசிகளில் பால்மிடிக் அமிலம் போன்ற நிறைவுற்ற கொழுப்பின் பங்கு ஏறி, ஒமேகா-3இன் பங்கு இறங்குவதே பொது வழக்கம். ஹொக்கைடோவின் குளிர்காலப் பாசிக்குக் கிடைத்த எண்களை எடுத்து மன்னார் வளைகுடாவின் பழுப்புப் பாசிகளான கட்டைக்கோரைக்கும் பக்கோடா பாசிக்கும் ஒட்டவைப்பது அறிவியல் ஆகாது.

இந்தப் பேச்சுக்கு முட்டுக் கொடுக்கும் இன்னொரு வாதம் உண்டு. மீன் ஒமேகா-3ஐத் தானாக உண்டாக்குவதில்லை, பாசியைத் தின்றுதான் பெறுகிறது. நாம் ஏன் இடைத்தரகரை நீக்கிவிட்டு நேரடியாகப் பாசிக்கே போகக்கூடாது என்கிறார்கள். சாமர்த்தியமான கேள்வி. ஆனால் மத்தியும் பெருவின் நெத்திலியும் வளர்வது, கண்ணுக்குத் தெரியாத மிதவை நுண்ணுயிர்களில் தொடங்கும் உணவுச் சங்கிலியில். ஒமேகா-3ஐ ஆக்குவது அந்த நுண்பாசிகள். பாறையில் வேர்போல் பற்றிக்கொண்டு முழ நீளத்துக்கு வளரும் கட்டைக்கோரைக்கும் மத்தி மீனின் கொழுப்புக்கும் சம்பந்தமில்லை. முக்கியமாக, மூளைக்கும் விழித்திரைக்கும் வேண்டிய டி.எச்.ஏ. பழுப்புப் பாசியில் இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு. இடைத்தரகரை நீக்க விரும்புகிறவர்கள் நீக்கியும்விட்டார்கள். ஸ்கைசோகைட்ரியம் போன்ற கடல் நுண்ணுயிர்களைத் தொட்டியில் வளர்த்து டி.எச்.ஏ. எண்ணெய் எடுப்பது இன்றைக்கு நிலைபெற்ற தொழில்; குழந்தைகளுக்கான பால்மாவில்கூட அத்தகைய எண்ணெய் சேர்கிறது. மீன் சாப்பிடாதவர்களுக்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. அது பழுப்புப் பாசியின் வழியாகப் போகவில்லை.

அளவில் தோற்றதும் வாதம் ஃபூகோசாந்தினிடம் தாவும். உடல் கொழுப்பை எரிக்கும் நிறமி என்று அதற்குப் பெயர். இந்தப் புகழின் வேர் 2005இல் ஹொக்கைடோ குழு வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. வகாமேயின் கொழுப்பை உண்ட எலிகளிலும் சுண்டெலிகளிலும், கொழுப்பை வெப்பமாக மாற்ற உதவும் யு.சி.பி.1 என்ற புரதம் வெள்ளைக் கொழுப்புத் திசுவிலும் தோன்றியது. நல்ல கண்டுபிடிப்பு. ஆனால் எலி எலிதான். மனிதரிடம் அதிகம் எடுத்துக்காட்டப்படும் 2010ஆம் ஆண்டு சோதனையில், உடல் பருமனான பெண்களின் எடையைக் குறைத்ததாகச் சொல்லப்படுவது தனி ஃபூகோசாந்தின் அல்ல, மாதுளை விதை எண்ணெயோடு கலந்த ஃபூகோசாந்தின். எடை குறைந்தது எதனால் என்று அதிலிருந்து பிரித்துச் சொல்ல வழியில்லை. மனிதக் குடலில் ஃபூகோசாந்தின் சரிவர உறிஞ்சப்படுவதும் இல்லை. சரி, அந்த நிறமிதான் வேண்டும் என்றாலும் பழுப்புப் பாசியைத் தேடிப் போக வேண்டியதில்லை. ஃபியோடாக்டைலம் என்ற நுண்பாசியின் உலர் எடையில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டும். பெரும்பாலான பழுப்புப் பாசிகளில் அதன் அருகில்கூட வராது. இங்கேயும் நுண்பாசியே ஜெயிக்கிறது.

ஜப்பானியர் பாசி சாப்பிட்டு நெடுநாள் வாழ்கிறார்கள் என்ற உதாரணமும் தவறாமல் வரும். அவர்கள் மீனும் சோயாவும் சேர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்பது மட்டும் வசதியாக விட்டுப்போகும். ஜப்பானியத் தட்டில் நீண்ட சங்கிலி ஒமேகா-3 வருவது பெரும்பாலும் மீனிலிருந்து. கொம்பை அவர்கள் ரசம்போல் கொதிக்கவைத்து இறக்குவது சுவைக்காக, கொழுப்புக்காக அல்ல. பாசியை உணவாகத் தின்கிற மக்களை எடுத்துக்காட்டி, பாசியைச் சாறாக்கி மாத்திரையில் அடைப்பதை நியாயப்படுத்த முடியாது.

மாத்திரை என்று வந்துவிட்டதால் ஆர்சனிக்கைப் பற்றிப் பேசாமல் தீராது. பழுப்புப் பாசிகள் கடல்நீரிலிருந்து அயோடினையும் ஆர்சனிக்கையும் இழுத்துச் சேர்க்கின்றன. ஹிஜிகி என்ற சர்காசம் இனத்தைச் சாப்பிட வேண்டாம் என்று பிரிட்டனின் உணவுத்தர முகமை 2004இல் எச்சரித்தது. அதில் இருந்தது நஞ்சு மிகுந்த கனிம ஆர்சனிக். எண்ணெயாகப் பிரித்தெடுத்தால் நீரில் கரையும் ஆர்சனிக் சக்கையோடு போய்விடும் என்று பதில் சொல்வார்கள். பாதிதான் சரி. கொழுப்போடு கொழுப்பாகப் பிணைந்த ஆர்சனிக் சேர்மங்களும் உண்டு. வகாமே, ஹிஜிகி இரண்டிலும் அவற்றைக் கண்டறிந்திருக்கிறார்கள். அவற்றில் சில, ஆய்வகத்தில் மனித உயிரணுக்களைக் கொல்லக்கூடியவை. கொழுப்பைச் செறிவாக்கும்போது இவையும் கூடவே செறியும். மீன் எண்ணெயிலும் இத்தகைய சேர்மங்கள் உண்டுதான். ஆனால் பாசி எண்ணெயை மீன் எண்ணெயைவிடத் தூய்மையானது என்று விற்பவர்கள்தான் சோதனைத் தாளை முதலில் மேசையில் வைக்க வேண்டும்.

இனி ‘கடலுக்கு ஊறு இல்லை’ என்ற வாக்குறுதிக்கு வருவோம். பாசி வளர்ப்பு என்றதும் தமிழ்நாட்டில் நம் கண்முன் வருவது மண்டபம், பாம்பன் பக்கத்து மூங்கில் தெப்பங்கள். மத்திய அரசு 2021 பட்ஜெட்டில் அறிவித்து, ராமநாதபுரம் மாவட்டத்தில் சுமார் 127 கோடி ரூபாய்த் திட்டமாக எடுத்துக்கொண்ட கடற்பாசிப் பூங்காவும் அந்தத் தெப்பங்களை நம்பித்தான். ஆனால் தெப்பத்தில் வளர்வது கப்பாபைகஸ். அது சிவப்புப் பாசி. அதிலிருந்து எடுப்பது கராஜினன் என்ற கூழ்ப்பொருள். கொழுப்பைப் பொறுத்தவரை பழுப்புப் பாசியைவிட வறியது. பழுப்புப் பாசியான கட்டைக்கோரையையும் பக்கோடா பாசியையும் இங்கே வணிக அளவில் யாரும் வளர்க்கவில்லை. அறுபதுகளிலிருந்து, ஆல்ஜினேட் என்ற கூழ்ப்பொருள் எடுக்கும் ஆலைகளுக்குப் போவதெல்லாம் கடலில் தானாக வளர்ந்ததைப் பறித்து எடுத்ததுதான். ஆக, நம் ஊரில் பழுப்புப் பாசி எண்ணெய் என்று யாராவது திட்டம் போட்டால், அது வளர்ப்புத் திட்டமாக இருக்காது. பறிப்புத் திட்டமாகவே இருக்கும்.

எங்கே பறிப்பது? ராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றி, 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பகுதியிலும் அதன் ஓரங்களிலும். அங்கே கட்டைக்கோரைப் படுகை மீன்குஞ்சுக்கு ஒதுங்கிடம், இறாலுக்கு மறைவிடம். அங்கே பாசி எடுப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். முகக் கண்ணாடி மாட்டி, விரலில் துணி சுற்றி, மூச்சடக்கி இறங்குகிறவர்கள். தீவுகளை நெருங்கக் கூடாது என்று வனத்துறை ஒருபக்கம் தடுக்க, அவர்களே கூடிப் பேசி மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் எடுப்பது, அடிக்கட்டையை விட்டுவிட்டுக் கிள்ளுவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அந்த முயற்சிக்குத் தலைமை தாங்கியதற்காக, அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமிக்கு 2015இல் சீகாலஜி பரிசு கிடைத்தது. ஒரு கிலோ ஈரப்பாசிக்கு 150 மில்லிகிராம் இ.பி.ஏ. என்ற கணக்கில் ஒரு எண்ணெய் ஆலை ஓட வேண்டுமானால், அந்தக் கட்டுப்பாடு எத்தனை நாள் தாங்கும்? ஆலையின் பசிக்கு அடிக்கட்டையும் தப்பாது. நட்டம் கடலுக்கு மட்டுமல்ல, அந்தப் பெண்களுக்கும்தான்.

வளர்த்துக்கொள்ளலாமே என்றால், அவசரப்பட்டு வளர்த்ததன் பாடமும் நம்மிடம் இருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவந்த கப்பாபைகஸ், குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மேல் படர்ந்து மூடுவதை நம் ஆய்வாளர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். நிலமும் நன்னீரும் கேட்கவில்லை என்பதால் ஒரு பயிர் எதையுமே கேட்கவில்லை என்று ஆகிவிடாது. அது வெளிச்சத்தைக் கேட்கும், நீரிலுள்ள சத்தைக் கேட்கும், இடத்தைக் கேட்கும்.

கரையேறிய பிறகும் செலவு ஓய்வதில்லை. பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரை வெளியேற்ற வேண்டும். நம் கரைகளில் செய்வதுபோல் வெயிலில் மணலில் பரப்பிக் காயவைத்தால், ஒளியும் சூடும் முதலில் அழிப்பது ஃபூகோசாந்தினையும் நிறைவுறாக் கொழுப்பையும்தான். எதற்காக இத்தனை பாடோ அதுவே போய்விடும். நிழலில் இயந்திரம் வைத்து உலர்த்தினால் மின்சாரம். பிறகு கரைப்பான், அதை மீட்கும் கொதிகலன். இரண்டு மூன்று சதவீதக் கொழுப்புக்காக மீதி 97 சதவீதத்தையும் இந்த வழியெல்லாம் ஓட்டிச் செல்ல வேண்டும். சூழலுக்கு உகந்தது என்ற முத்திரையைக் குத்துவதற்குமுன் இந்த ஆற்றல் கணக்கை யாராவது வாசகரிடம் காட்டினார்களா?

அட்லாண்டிக்கில் 2011இலிருந்து பெருகிவரும் சர்காசம் சும்மாதானே ஒதுங்குகிறது என்று சிலர் சுட்டுகிறார்கள். 2018 ஜூனில் அந்தப் பாசிப் பட்டை 8,850 கிலோமீட்டர் நீளம், இரண்டு கோடி டன்னுக்கு மேல் என்று செயற்கைக்கோள் படங்களிலிருந்து கணக்கிட்டார்கள். அளவுக்குக் குறைவில்லைதான். ஆனால் மெக்சிகோ கரையில் சோதித்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் ஆர்சனிக், கால்நடைத் தீவனப் பாசிக்கு ஐரோப்பா அனுமதிக்கும் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டியிருந்தது. மாட்டுக்கு ஆகாததை மனிதருக்கு மருந்தாக்கும் முன் நிறைய விளக்கம் தேவைப்படும்.

எதிர்த்தரப்புக்கு ஒரே ஒரு வாசல் நியாயமாகத் திறந்திருக்கிறது. ஆல்ஜினேட்டுக்காக ஏற்கெனவே ஆலைக்கு வரும் பாசியிலிருந்து, முதல் படியாக எத்தனாலில் கொழுப்பையும் நிறமியையும் பிரித்தெடுத்துவிட்டு, பிறகு வழக்கம்போல் ஆல்ஜினேட் எடுக்கலாம். புதிதாக ஒரு கிள்ளுகூடக் கூடுதலாகப் பறிக்காமல், வீணாவதை மீட்பது. இதை நான் வரவேற்கிறேன். ஆனால் அப்போது கொழுப்பு உபபொருள். ஆல்ஜினேட் சந்தை எவ்வளவு பெரிதோ அவ்வளவுதான் அதன் எல்லை. உபபொருளை முதற்பொருளாக்கி, அதற்கென்று முதலீடு திரட்டி, அதற்கென்று படுகைகளைக் கேட்பதைத்தான் எதிர்க்கிறேன்.

எனவே, பாசி எண்ணெய்க் குப்பி ஒன்றைக் கையில் எடுக்கும் வாசகருக்கு ஒரு வேண்டுகோள். சதவீதத்தைப் படிக்காதீர்கள். ஒரு மாத்திரையில் இ.பி.ஏ. எத்தனை மில்லிகிராம், டி.எச்.ஏ. எத்தனை மில்லிகிராம், எந்தப் பாசி, எந்தக் கடல், ஆர்சனிக் சோதனை எங்கே என்று கேளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு மத்தியும் நெத்திலியும் இன்னும் எட்டாக் கனி ஆகிவிடவில்லை. சாப்பிடாதவர்களுக்கு நுண்பாசி எண்ணெய் இருக்கிறது. பழுப்புப் பாசியை அதன் நார்ச்சத்துக்காகவும் சுவைக்காகவும் அளவோடு உண்ண விரும்பினால் தாராளமாக உண்ணலாம். அரசுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கமானது: கட்டைக்கோரைப் படுகைகளை எண்ணெய் மூலப்பொருள் என்ற பட்டியலில் சேர்க்காதீர்கள், பாசித் திட்டம் எதுவானாலும், அதை எடுக்கும் பெண்களின் சங்கங்களைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பழுப்புப் பாசியின் கொழுப்பு தரமானது, அளவில் அற்பமானது. அந்த அளவை வைத்து மீன் எண்ணெய்க்கு மாற்று என்று வாக்குக் கொடுப்பது வாசகரையும் கடலையும் ஒருசேர ஏமாற்றுவது.